வறண்ட கூந்தலும் வடசென்னைத் தண்ணீரும்



"எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் முடி வைக்கோல் போலவே இருக்கிறது, குளித்து முடித்ததும் சிக்கு விழுகிறது, சீப்பை வைத்தால் துண்டு துண்டாக ஒடிந்து வருகிறது." எர்ணாவூர், எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்துப் பெண்களிடையே அடிக்கடி எழும் பேச்சு இது. பேச்சின் முடிவும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "எல்லாம் இந்த உப்புத் தண்ணீர் செய்யும் வேலை!" அதன் பிறகு விலை உயர்ந்த ஷாம்பு ஒன்று வீட்டுக்கு வரும். இரண்டு மாதத்தில் அது பயனற்றுப் போக, வேறொன்று வரும். திருமணம் நிச்சயமான பெண் வீட்டில் இருந்தாலோ, அழகு நிலையத்தில் ஆயிரக்கணக்கில் செலவழித்து முடியை நேராக்கிக் கொள்ளும் யோசனையும் எழும்.

பணத்தைச் செலவிடுமுன், முடி எதனால் இப்படி ஆகிறது என்பதை அறிந்து கொள்வது நலம். உண்மையை அறிந்தால் செலவும் குறையும், கூந்தலும் பிழைக்கும்.

ஓடு பெயர்ந்த கூரை

தலைக்கு வெளியே நாம் காணும் முடி உயிரற்ற இழையாகும். உயிர் இருப்பது தோலுக்குள் இருக்கும் வேரில் மட்டுமே. இழையின் உட்பகுதி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதைச் சுற்றி, ஓட்டு வீட்டின் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதைப் போல, மெல்லிய செதில்கள் பல அடுக்குகளாக அமைந்துள்ளன. அச்செதில்களின் மீது இயற்கையாகவே ஒரு நுண்ணிய கொழுப்புப் படலமும் உண்டு. நல்ல கூந்தலின் பளபளப்புக்கும், தண்ணீர் பட்டதும் ஒட்டாமல் வழிவதற்கும் இப்படலமே காரணம்.

நல்ல முடியும்கூட நீரில் ஊறும்போது தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நீரை ஏற்றுப் பருக்கிறது, உலரும்போது சுருங்குகிறது. செதில்கள் ஒழுங்காகப் படிந்திருக்கும் வரை இதனால் பெருந்தீங்கு இல்லை. செதில்கள் பெயர்ந்து, கொழுப்புப் படலமும் போய்விட்டாலோ, ஓடு பெயர்ந்த கூரையின் நிலைதான். தண்ணீர் சட்டென உள்ளே புகும். அதே வேகத்தில் வெளியேறியும் விடும். நனைத்தவுடன் பஞ்சு போல் ஊறி, காய்ந்தவுடன் வைக்கோலாகும் கூந்தலின் இரகசியம் இதுவே. உறிஞ்சும் தன்மை மிகுந்த கூந்தல் என்று இதனை அழைப்பார்கள்.

ஒரு முடியைத் தண்ணீர்க் குவளையில் போட்டு, மூழ்கினால் பழுதுபட்டது, மிதந்தால் நல்லது என்று முடிவு செய்யும் வழக்கம் ஒன்று உண்டு. இதனை நம்ப வேண்டாம். முடியில் சிறிது எண்ணெய்ப் பசை இருந்தாலே அது மிதக்கும். நனைந்த முடி எவ்வளவு விரைவில் ஊறுகிறது, சிக்கு விழுகிறதா, நுனி பிளந்திருக்கிறதா என்று பார்ப்பதே போதுமானது.

இன்னொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனிக்கு வயது ஏறக்குறைய 5 ஆண்டுகள். ஐந்து ஆண்டுகளின் குளியலையும் வெயிலையும் சீப்பின் இழுப்பையும் அந்த நுனி தாங்கியிருக்கிறது. பழைய பட்டுச் சேலையை எவ்வளவு பக்குவமாகக் கையாள்வோமோ, அவ்வளவு பக்குவத்துடன் அதனைக் கையாள வேண்டும்.

தண்ணீர் மட்டுந்தான் குற்றவாளியா?

எர்ணாவூரின் கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் 1960-களின் இறுதியில் அமைக்கப்பட்ட கிணறுகளிலிருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீர் பெருமளவில் இறைக்கப்பட்டது. நன்னீர் குறைந்த இடத்தைக் கடல்நீர் பிடித்துக் கொண்டு, பல கிலோமீட்டர் தூரம் நிலத்துக்கடியில் உள்ளே புகுந்துவிட்டது. இந்தக் கடலோரத்தின் அடிபம்புகளிலும் ஆழ்குழாய்க் கிணறுகளிலும் உவர்ப்பு மிகுந்திருப்பதில் வியப்பில்லை. காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் நிலையம் வடசென்னைக்கு ஓரளவு ஆறுதல் அளித்தது. ஆயினும், குடிப்பதற்குக் குழாய் நீரும் லாரி நீரும், குளிப்பதற்கும் துவைப்பதற்கும் நிலத்தடி நீரும் என்று பிரித்துப் பயன்படுத்தும் இல்லங்கள் இன்றும் பல.

இத்தகைய கடின நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகிய உப்புகள் அதிகம். சோப்புடன் இவை சேரும்போது, வாளியின் ஓரத்தில் நாம் காணும் அதே வெண்ணிறப் படிவு முடியிலும் படிகிறது. செதில் பெயர்ந்த முடியோ நல்ல முடியை விட அதிகமாக இவ்வுப்புகளைப் பிடித்து வைத்துக் கொள்ளும். முடி சொரசொரப்பாகிறது, ஒன்றோடொன்று உராய்கிறது, சிக்கு விழுகிறது.

எனினும், கடின நீர் தானாகவே முடியை ஒடித்து விடுகிறதா? கோயம்புத்தூரைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் 2013-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே தலையின் முடிகளில் ஒரு பகுதியைக் கடின நீரிலும், மற்றொரு பகுதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் தொடர்ந்து நனைத்துச் சோதித்தனர். முடியின் வலுவிலும் இழுவைத் தன்மையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பின்னர் வேறிடத்தில் நடந்த ஓர் ஆய்வு, கடின நீரால் வலு குறைகிறது என்று கூறியது. ஆகவே, பழி முழுவதையும் தண்ணீர் மேல் போடுவதற்கில்லை. செதில்களைப் பெயர்ப்பவை பெரும்பாலும் நம் கைவேலைகளே: நிறத்தை வெளுக்கச் செய்யும் மருந்துகள், காரம் மிகுந்த சாயங்கள், சூடான இஸ்திரிக் கருவிகள், ஈர முடியில் இழுக்கும் சீப்பு, தலைக்குத் துணிச் சோப்பு. இவை திறந்து விட்ட கதவின் வழியே தண்ணீர் நுழைகிறது.

உயிரற்ற இழை ஆறாது. ஒடிந்த நகத்தை ஒட்ட வைக்க இயலாதது போலவே, பெயர்ந்த செதிலை முன்போல ஆக்கித் தரும் மருந்து இல்லை. "பழுது நீக்கும்" என்று புட்டியில் எழுதியிருப்பதன் பொருள், தற்காலிகமாக மேலே பூசி வழுவழுப்பாக்கும் என்பதே. எனவே நாம் செய்யக் கூடியவை இரண்டு: இருப்பதைக் காப்பது, வேரிலிருந்து புதிதாக வருவதைக் கெடுக்காமல் விடுவது.

செய்ய வேண்டியவை

1. குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்போ முதல் நாள் இரவிலோ, இரண்டு மூன்று தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை முடியின் நடுவிலிருந்து நுனி வரை தடவுங்கள். நம் பாட்டிமார் செய்த இக்காரியத்துக்கு ஆய்வின் துணையும் உண்டு. மும்பை ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டனர்; முடியிலிருந்து புரதம் கழிந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அது முடியின் உள்ளே ஊடுருவி நிற்பதால், தண்ணீர் அளவுக்கு மீறிப் புகாமல் தடுக்கிறது. காய்ந்த முடியின் மேல் எண்ணெயை அள்ளிப் பூசுவதை விட, குளிக்குமுன் தடவுவதே சிறந்தது.

2. குளியல் சோப்பும் துணிச் சோப்பும் தலைக்கு ஆகா. ஷாம்பு கடின நீரில் வெண்படிவை உண்டாக்குவதில்லை. அதையும் தலைத்தோலில் மட்டும் தேயுங்கள். வழியும் நுரையே நுனிக்குப் போதும். சீயக்காய் பழகியவர்கள், தூளை அப்படியே தேய்க்காமல், கொதிக்க வைத்து வடிகட்டிய நீரைப் பயன்படுத்துங்கள். கரடுமுரடான தூள் செதில்களை உராயும்.

3. உவர்நீரில் குளித்தாலும், கடைசி இரண்டு சொம்பு மட்டும் குழாய் நீராகவோ மழைநீராகவோ இருக்கட்டும். தமிழகத்தில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. முதல் மழையை விட்டு, அடுத்து வருவதைப் பிடித்து மூடி வைத்தால் கூந்தலுக்கு அதைவிட நல்ல நீர் இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும், உவர்ப்பு குறையாது. குடிநீர் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து கழிந்து வெளியேறும் நீரில் உப்புச் செறிவு இன்னும் அதிகம். அதனைத் தரை துடைக்க வைத்துக் கொள்ளுங்கள்; தலைக்கு ஊற்றாதீர்கள்.

4. பழுதுபட்ட முடிக்குக் கண்டிஷனர் ஆடம்பரம் அன்று. அதிலுள்ள பொருள், செதில் பெயர்ந்த இடங்களைத் தேடி ஒட்டிக் கொண்டு உராய்வைக் குறைக்கிறது. சிறு பாக்கெட்டில் கிடைப்பதே போதும். நுனிப் பகுதியில் தடவி, இரண்டு நிமிடம் கழித்து அலசுங்கள்.

5. ஈர முடி வலுவற்றது. துண்டால் அடித்து உதறாமல், பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அகன்ற பல் கொண்ட சீப்பால் முதலில் நுனியையும், பின் படிப்படியாக மேலேயும் சிக்கெடுங்கள்.

6. காலையில் குளித்து, ஈரத் தலையை இறுக முடிந்து, அதன்மேல் முக்காடும் புர்காவும் அணிந்து வேலைக்கோ கல்லூரிக்கோ விரைவது நம் பெண்களிடம் சகஜம். வடசென்னையின் புழுக்கத்தில் அந்த ஈரம் பல மணி நேரம் காயாது. வெளியே செல்லும் நாளாயின் முதல் நாள் மாலையிலேயே தலைக்குக் குளியுங்கள். முக்காட்டின் கீழே வழுவழுப்பான மெல்லிய துணியை அணிந்தால் உராய்வு குறையும். கொண்டையை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி வந்தால் நெற்றியோரத்து முடி வேரோடு போய்விடும். பின்னலின் இடத்தை அவ்வப்போது மாற்றுங்கள். கடமையான குளிப்புக்குப் பின்னலை அவிழ்ப்பது பற்றி அன்னை உம்மு சலமா (ரலி) அவர்கள் கேட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எளிமையான வழியையே காட்டியதாக ஹதீஸ் உண்டு. அதன் விவரத்தை ஆலிம்களிடம் கேட்டு அறிந்தால், தேவையின்றி அடிக்கடி அவிழ்த்து அலசும் சிரமம் குறையும்.

7. பிளந்த நுனி மேல் நோக்கிக் கிழிந்து கொண்டே போகும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஓரிரு சென்டிமீட்டர் கத்தரித்து விடுங்கள். நீளம் குறைவது போல் தோன்றினாலும் ஒடிவது நிற்கும்.

எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள்

தூய மருதாணி இலை தருவது செந்நிறமே. சில நிமிடங்களில் கருகருவென்று மாற்றும் "கறுப்பு மருதாணி" எதுவாயினும், அதில் பாரா ஃபினைலின் டையமின் என்னும் சாயப்பொருள் கலந்திருக்கக் கூடும். சிலருக்கு இது முகம் வீங்கும் அளவுக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். வீட்டில் பெரியவர்கள் தாடிக்குப் பூசிக் கொள்ளும் பாக்கெட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

முடியை நேராக்கும் "கெரட்டின்" சிகிச்சை மருந்துகள் சிலவற்றைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு வெளியாகிறது. இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அறிவித்தது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் குற்றமற்றதன்று. 26 வயதுப் பெண் ஒருவர் 2020, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மும்முறை இதனால் முடியை நேராக்கிக் கொண்டார். மும்முறையும் அவருடைய சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 2024-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் இச்செய்தியை வெளியிட்டது. மணப்பெண்ணின் ஒரு நாள் அலங்காரத்துக்காக இந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டுமா? பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒடிகிறதா, உதிர்கிறதா?

சீப்பில் வரும் முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெண்ணிறக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. குட்டையாக, இரு முனையும் மொட்டையாக இருந்தால் இடையில் ஒடிந்தது. ஒடிவதற்கு மேற்சொன்ன பராமரிப்பே மருந்து. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. அதற்கு மேல் கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் காரணம் உடலுக்குள் இருக்கிறது: இரத்தச் சோகை, தைராய்டுக் குறைபாடு, பிரசவத்துக்குப் பிந்தைய மாற்றம், கடும் காய்ச்சல் போன்றவை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச் சோகை உள்ளது. அனைவரும் உண்டு முடித்த பின் மிஞ்சியதை உண்ணும் தாய்மார்களே, ஷாம்புவுக்குச் செலவிடும் பணத்தை முட்டைக்கும் மீனுக்கும் கீரைக்கும் பருப்புக்கும் திருப்புங்கள். புதிதாக முளைக்கும் முடி அதிலிருந்துதான் உருவாகிறது. தலையில் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தோலில் புண்ணும் அரிப்பும் இருந்தாலோ தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வடசென்னை மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது.

இன்று தொடங்கினால் நாளையே பட்டு போல் ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். பழைய நுனி மெல்ல மெல்லக் கத்தரிக்கப்பட்டு, கெடாத புது முடி தோளைத் தொட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆயினும் சிக்கும் ஒடிவும் குறைவதைச் சில வாரங்களிலேயே காணலாம். ஒரு புட்டி தேங்காய் எண்ணெய், ஓர் அகன்ற பல் சீப்பு, கடைசியில் ஊற்ற இரண்டு சொம்பு நல்ல தண்ணீர். இவை எர்ணாவூரின் எளிய குடும்பத்துக்கும் எட்டக் கூடியவையே. பள்ளி செல்லும் உங்கள் பெண் பிள்ளைகளுக்கு இன்றே இவற்றைப் பழக்குங்கள். அவர்களுடைய கூந்தல் இன்னும் கெடவில்லை.