கூத்துக் களரியிற் கடற்பசு

மன்னார்க் கடலிலே கடற்புல் மேயும் கடற்பசு அருகிவருகின்றது. 3 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கன்றே ஈனும் இவ்வுயிர், வலையிற் சிக்கினால் மூச்செடுக்க மேலெழ இயலாது மாள்கின்றது. இதனைக் கொல்வது இலங்கையிற் குற்றம். எதிர்க்கரையிலே தமிழக அரசு 2022இற் பாக்கு விரிகுடாவின் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக்கியது. ஆயினும், நடுக்கடலிற் சட்டத்திற்குக் கண் ஏது? அங்கே மீனவரின் மனச்சான்றே காவல். அதனைத் தொடவல்லது மன்னார் மக்கள் போற்றிவரும் நாட்டுக்கூத்தாகும். பட்டணத்தார் மேடையேறி உபதேசித்தலாற் பயனில்லை. வலையிழுப்போரே ஆடவேண்டும், அண்ணாவியாரே பாட்டுக் கட்டவேண்டும். வலையை அறுத்து உயிர்காத்தவனின் நட்டத்தை யார் தாங்குவது என்ற வினாவும் களரியில் எழவேண்டும். நம் கல்லூரி மாணவர் அங்கே ஆசிரியராயன்றி, மத்தளம் சுமப்போராய்ச் செல்வாராக.