மாமா வெளியூர் போகவில்லை

பங்குனி உத்திரத்திற்கு முந்தைய வாரத்தில் எங்கள் மனநலப் பிரிவிற்கு ஒரு தனி வகையான கோரிக்கை வரும். சாஸ்தா கோயிலுக்குச் செல்வதற்காகச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் உறவினர் அனைவரும் ஊர் திரும்பும் காலம் அது. அந்த இரண்டு மூன்று நாட்களுக்கு மட்டும் தம்பியையோ மகனையோ உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ள இயலுமா என்று சிலர் தயங்கியபடி கேட்பார்கள். நோய் கூடியிருக்கிறது என்பதற்காக அன்று. வந்திருக்கும் பிள்ளைகளின் கண்ணில் அவர் படக்கூடாது என்பதற்காக. “சின்னப் பிள்ளைய பயந்துரும்லா சார்” என்பார்கள். பிள்ளைகளிடம், மாமா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லியாயிற்று. மாமாவோ, சில வீடுகளில், பின்கட்டு அறைக்குள் இருப்பார்.

இந்த மடலில் திரைப்படம் பற்றி எழுதுவது வழக்கமன்று. எனினும் அக்கோரிக்கையைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு படம் நினைவிற்கு வருகிறது. 2010ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘நந்தலாலா’. மிஷ்கின் இயக்கி, அவரே நடித்தது, இசை இளையராஜா. மனநலக் காப்பகத்திலிருந்து தப்பி வரும் பாஸ்கர் மணி என்னும் மனிதனும், பாட்டியிடம் வளரும் அகிலேஷ் என்னும் சிறுவனும் தத்தம் தாயைத் தேடிச் சேர்ந்து நடக்கும் கதை. ஜப்பானிய இயக்குநர் தகேஷி கிதானோ 1999இல் எடுத்த ‘கிகுஜிரோ’வின் சாயல் இதில் வெளிப்படையாகவே தெரியும். சிறுவன் தன் தாயைக் கண்டு முத்தமிட விரும்புகிறான். பெரியவனோ, தன்னைக் காப்பகத்தில் விட்டுச்சென்ற தாயைக் கண்டு கன்னத்தில் அறையப் புறப்பட்டவன். இடுப்பில் நில்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அவன் நடக்கிறான். மறுகை பெரும்பாலும் சிறுவனுக்காகவே இருக்கிறது.

படத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது அச்சிறுவனின் பார்வை. தன்னோடு வருபவரிடம் ஏதோ சரியில்லை என்பதை அவன் அறிவான். சில வேளைகளில் சலித்துக்கொள்கிறான். ஆனால் நோயாளியை ஒரு பேயாக அவன் காணவில்லை. குழந்தைகள் இயல்பாக இப்படித்தான் இருக்கிறார்கள் என்பது வார்டில் நாங்கள் நாள்தோறும் கண்டறிந்த உண்மை. அவர்களுக்கு அச்சம் வருவது பெரும்பாலும் நோயாளியிடமிருந்து அன்று. பூட்டிய கதவிலிருந்தும், பேச்சை நிறுத்திக்கொள்ளும் பெரியவர்களின் முகத்திலிருந்தும்.

அதற்காகப் படத்தை முழுவதும் ஏற்றுக்கொள்கிறோம் என்று பொருளில்லை. காப்பகத்திலிருந்து தப்பித்தல் ஒரு விடுதலையாகவே அதில் தொடங்குகிறது. மாத்திரையின்றி நாட்கணக்கில் நெடுஞ்சாலையில் நடக்கும் ஒருவரை அன்பு ஒன்றே நிமிர்த்திவிடும் என்று எந்தக் குடும்பமும் எண்ணிவிடக்கூடாது. மனச்சிதைவு போன்ற நோய்களில் மருந்தின் முழுப்பயன் தெரியவே சில வாரங்கள் ஆகும். சற்றுத் தெளிந்தவுடன் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவதுதான் நோய் திரும்புவதற்கான முதன்மையான காரணங்களுள் ஒன்று. திரையில் இதைக் காட்டுவது கடினம் என்பது புரிகிறது. மாத்திரை விழுங்கும் காட்சியை எத்தனை முறைதான் எடுப்பது?

எங்களுக்கு உண்மையில் உறுத்துவது வேறொரு காட்சி. சிறுவனின் தாய் வேறொரு வாழ்க்கையில் இருக்கிறாள் என்பதை முதலில் அறிந்துகொள்பவன் பாஸ்கர். அதை அவன் சிறுவனிடமிருந்து மறைத்துவிடுகிறான். பார்ப்பவர் நெஞ்சு கரையும். எங்கள் நெஞ்சும் கரைந்தது. ஆயினும், “மாமா வெளியூர் போயிருக்கிறார்” என்பதும் இதே அன்பிலிருந்து பிறக்கும் சொல்தான். குழந்தைகள் அதை நம்புவதில்லை. விடை கிடைக்காதபோது தாமே ஒரு விடையைச் செய்துகொள்கிறார்கள்: நான் சேட்டை செய்ததால்தான் மாமா இப்படி ஆனார், எனக்கும் இது ஒட்டிக்கொள்ளும். இவ்விரண்டையும் பிள்ளைகளின் வாயாலேயே கேட்டிருக்கிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. “மாமாவுக்கு மனசுல ஒரு சீக்கு. உன்னால வந்ததில்ல. தொட்டா ஒட்டாது. மருந்து சாப்பிடுதாக” என்ற நான்கு சொற்றொடர் போதும். அதை ஆச்சி சொன்னால் இன்னும் நன்று; எங்கள் சொல்லைவிட ஆச்சியின் சொல்லுக்குத்தான் அவ்வீட்டில் மதிப்பு.

படத்தின் இறுதிப் பகுதியில் பாஸ்கர் தன் தாயைக் காண்கிறான். அவளும் மனநோயாளி, சங்கிலியில் கட்டப்பட்டிருக்கிறாள். அறைய வந்த கை அவளைத் தாங்குகிறது. ரோகிணி நடித்த அக்காட்சியை மிகைப்படுத்தல் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இங்கிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே இன்று வேண்டுதலோடு மருத்துவமும் சேர்த்து வழங்கப்படுகிறது. ஆதலால், மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு எங்களிடம் வருபவரை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. கயிறு இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்.

சங்கிலியிட்டவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இரவெல்லாம் கண்விழித்து, பகலெல்லாம் வயலிலோ பீடிக்கடையிலோ உழைத்து, ஆற்றுப் பக்கம் மகன் போய்விடுவானோ என்று அஞ்சிய ஒரு தாய் வேறு வழி தெரியாமல் கதவைப் பூட்டியிருப்பார். அத்தாயிடம் சட்டப் பிரிவைப் படித்துக்காட்டுவதால் பயனில்லை. நள்ளிரவிலும் அழைத்துத் தமிழில் பேசக்கூடிய ‘டெலி மானஸ்’ எண் 14416 இருக்கிறது என்பதையும், கட்டணம் இல்லை என்பதையும், நாங்கள் இருக்கிறோம் என்பதையும் சொல்லலாம்.

இனி, படத்தைவிட எங்களுக்கு நெருக்கமான ஒரு செய்தி. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே எழுதுகிறோம். ஆற்றங்கரை ஊரொன்றிலிருந்து பல்லாண்டுகளாக எங்களிடம் சிகிச்சை பெறும் ஒருவர் இருக்கிறார். வேலை நிலைக்கவில்லை, மணமாகவில்லை, இருமுறை நோய் திரும்பி வார்டில் இருந்திருக்கிறார். அக்காவின் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு நீச்சல் கற்றுத்தருபவர் இந்த மாமாதான். தாமிரபரணிப் படித்துறையில் பிறந்து வளர்ந்தவருக்கு எந்தக் கல்லில் பாசி, எந்த இடத்தில் இழுப்பு என்பதெல்லாம் கையிலுள்ள ரேகைபோல. நாங்கள் முதலில் தயங்கினோம். தாத்தா படியில் அமர்ந்து கவனித்துக்கொள்வதாகவும், அணையில் தண்ணீர் திறக்கும் நாட்களில் இறங்குவதில்லை என்றும் சொன்ன பிறகே ஒப்பினோம். அண்மைக்காலத்தில் அவர் மருந்து தவறியதில்லை. மாத்திரை டப்பாவைப் பார்த்து நினைவூட்டுவதும் அச்சிறுவன்தான். அவ்வேலையைப் பிள்ளையின் தோளில் வைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறோம், அவன் விடுவதாயில்லை.

கடந்த முறை மாமாவோடு அவனும் வந்திருந்தான். மருத்துவர் எல்லாம் கேட்டு முடித்துச் சீட்டு எழுதும்போது குறுக்கிட்டான். “டாக்டர், காலைல போடுத மாத்திர போட்டா மாமாவுக்குத் தூக்கம் தூக்கமா வருது. நாங்க காலைலதான் ஆத்துக்குப் போவோம். அத ராத்திரிக்கு மாத்தித் தரலாமா?” என்றான்.

மருத்துவர் சீட்டை மறுபடியும் பார்த்தார். மாமாவிடமும் இரண்டு கேள்விகள் கேட்டார். பிறகு காலை வேளைக்கு எழுதியதை அடித்து, இரவு என்று எழுதினார்.