வளர்ற பிள்ளைக்கு அளவான பூட்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து மகன் போன் செய்தான். பேத்தியைக் குதிரையேற்றப் பயிற்சியில் சேர்த்திருக்கிறார்களாம். பதினோரு வயது. "பூட்ஸ் வாங்கணும்ப்பா. நல்லதா வாங்கினா விலை ஜாஸ்தி. வளர்ற பிள்ளைதானே, ரெண்டு சைஸ் பெரிசா வாங்கிடலாம்னு பார்க்கிறேன்" என்றான். "வாங்காதே" என்றேன். போனில் சொன்னது போதவில்லை என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

ரெண்டு சைஸ் பெரிசு என்பது அவன் என்னிடம் கற்ற பாடம்தான். மயிலாடும்பாறையில் இருந்தபோது ஜூன் மாதம் அவனுக்கு ஷூ வாங்கி, முன்பக்கம் பழைய பேப்பரைத் திணித்துத்தான் பள்ளிக்கு அனுப்புவேன். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் செய்ததுதான். நடக்கிற ஷூவில் மிஞ்சிப் போனால் கால் தடுக்கும். குதிரை மேல் கதை வேறு.

நம் பக்கம் குதிரை என்றால் பொதி சுமப்பதுதான். போடி, குரங்கணி மலைப்பாதைகளில் பார்த்திருப்பீர்கள். தேர்தல் வந்தால் ரோடு இல்லாத மலைக் கிராமங்களுக்கு ஓட்டு இயந்திரமும் குதிரை மேல்தான் போகிறது. கூட வருகிறவர் செருப்போடு கயிற்றைப் பிடித்து நடப்பார். கும்பக்கரைக்கு மேலே வெள்ளகவியிலோ சாமிக்குப் பயந்து ஊருக்குள் செருப்பே போடுவதில்லை. இப்படிப்பட்ட ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் பூட்ஸ் ஆடம்பரமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

கால்நடை ஆய்வாளராக இருந்தபோது, மலையில் ஒரு தோட்டத்துக்கு மாடு பார்க்கப் போனேன். தோட்டக்காரர் குதிரை அனுப்பியிருந்தார். என் காலில் தேய்ந்துபோன கேன்வாஸ் ஷூ, அதுவும் தொளதொளவென்று. இறக்கத்தில் புதரிலிருந்து ஏதோ பறந்ததும் குதிரை மிரண்டது. நான் சரிந்தேன். ஷூவில் ஹீல் இல்லாததால் கால் அங்கவடிக்குள் கணுக்கால் வரை போய் மாட்டிக்கொண்டது. இருபது அடி தூரம் என்னைக் கல்லோடு கல்லாக இழுத்துப் போனது. குதிரைக்காரர் பாய்ந்து கடிவாளத்தைப் பிடிக்காவிட்டால் இதை எழுத நான் இல்லை. மழைக்காலம் வந்தால் அந்தக் கணுக்கால் இன்றும் வலிக்கிறது.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் வெறுங்காலோடுதான் ஏறினார்கள். கட்டைவிரல் மட்டும் நுழைகிற சின்ன வளையம்தான் அங்கவடி. முழுப் பாதமும் நுழைகிற இரும்பு வளையம் வந்த பிறகு, பாதம் அதைத் தாண்டிப் போகாமல் தடுக்க ஒன்று வேண்டும். பூட்ஸின் ஹீல் அந்த வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே முதல் பூட்ஸ் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஹீல். ஓர் அங்குல உயரம், நேராக வெட்டினாற்போல் இருக்க வேண்டும். அடிப்பாகம் வழவழப்பாகவோ லேசான கோடுகளோடோ இருந்தால் போதும். மலையேறும் ஷூ போல் ஆழமான பற்கள் இருந்தால் விழும்போது அங்கவடியில் சிக்கும். பூட்ஸின் அகலத்தைவிட அங்கவடி ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கிறதா என்று பயிற்சியாளரிடம் கேட்டுப் பாருங்கள். அகலமான பூட்ஸ் இறுக்கமாக மாட்டிக்கொள்ளும். தொளதொள பூட்ஸுக்குள் கால் நழுவும், குதிகாலைக் கீழே அழுத்தி உட்கார வராது. ரெண்டு சைஸ் பெரிசு வேண்டாம் என்பது இதனால்தான்.

மருமகளுக்கு முழங்கால் வரை வருகிற நீள பூட்ஸ் மேல் ஆசை. பார்க்க அழகுதான். ஆனால் அதற்குப் பாதம், கெண்டைக்கால், உயரம் மூன்றும் பொருந்த வேண்டும். வளர்கிற பிள்ளைக்கு ஒரே வருஷத்தில் ஏதாவது ஒன்று பிடிக்கும். கணுக்கால் வரை வருகிற குட்டை பூட்ஸே போதும். ஜோத்பூர் பூட்ஸ் என்பார்கள், நம் ராஜஸ்தான் ஊரின் பெயர்தான். கெண்டைக்காலுக்குத் தனியாகத் தோல் உறை கிடைக்கும். பாதம் வளர்ந்தால் பூட்ஸை மட்டும் மாற்றினால் போதும்.

சாயங்காலம் கடைக்குப் போங்கள். பகல் முழுக்க நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். குதிரையேறும்போது போடுகிற அதே சாக்ஸைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்களை அசைக்க இடம் வேண்டும், குதிகால் மேலே கிளம்பக் கூடாது. வாங்கிய பிறகு வேர்வையைத் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும்.

தலைக்கவசத்துக்கு அடுத்த செலவு இதுதான். இந்த மாதப் பென்ஷனில் பாதியை நான் தருகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வருஷம் கால் வளர்ந்தால் வளரட்டும். அந்த பூட்ஸ் அங்கே பழகுகிற இன்னொரு சின்னப் பிள்ளைக்கு அளவாக இருக்கும்.