ரயன் நியூமனும் மூணு வகை ரூலும்

"அதுல என்னடா இருக்கு? நாப்பது காரு, மூணு மணி நேரம், இடது பக்கமாவே திரும்பிக்கிட்டு..."

நான் நாஸ்கார் பாக்கறேன்னு சொன்னதும் ஊர்லேர்ந்து நண்பன் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். சார்லட்டுக்கு வந்த புதுசுல நானும் இதையேதான் கேட்டேன். ஆனா இந்த ஊர் ஆபீஸ்ல இதைச் சத்தமா கேக்கக் கூடாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது :-)

எங்க டீம்ல ரெண்டு பேர். ஒருத்தர் ரிட்டயர்மெண்ட்டுக்கு நாள் எண்ணிக்கிட்டிருக்கற பெரியவர், பொறந்து வளர்ந்ததெல்லாம் வட கரோலினா. இன்னொருத்தன் கிட்டத்தட்ட என் வயசுப் பையன். மதியம் டப்பாவைத் திறந்தா இவங்க சண்டையும் கூடவே திறந்துடும். பெரியவர் கட்சி: "2003-ஓட நாஸ்கார் செத்துப் போச்சு." பையன் கட்சி: "பழைய ரூல்லயே இருந்திருந்தா பாக்க ஆளே இருந்திருக்காது." நடுவுல நான், புளியோதரையோட.

நாலு வருஷமா கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு கருத்து முளைச்சிடுச்சு. மெக்கானிக்கல் படிச்சிட்டு மென்பொருள் தட்டற கோஷ்டி நான். கார் ரிப்பேர் பண்ணச் சொன்னா தெரியாது, கருத்து சொல்லச் சொன்னா நல்லா வரும். அதனால இந்தப் பதிவு.

பெரியவர் "அந்தக் காலத்துல..."ன்னு ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் முதல் பந்தயத்தை இழுப்பேன். நாஸ்கார் நடத்தின முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' பந்தயம் 1949 ஜூன் 19, இதே சார்லட்ல, மண் தடத்துல. கடையில வாங்கின காரை அப்படியே ஓட்டணும், அதுதான் ஸ்டாக் கார். கிளென் டனவே மூணு சுத்து வித்தியாசத்துல முதல்ல வந்தாரு. சோதனை போட்டா, பின்பக்க ஸ்பிரிங்குல கை வெச்சிருக்காங்க. அந்த ஏரியாவுல சாராயம் கடத்தறவங்க காருக்குப் பண்ற வேலை அது. உடனே தகுதி நீக்கம். ரெண்டாவது வந்த ஜிம் ரோப்பர்தான் ஜெயிச்சவர்னு அறிவிச்சாங்க. கார் ஓனர் பத்தாயிரம் டாலர் கேட்டு கோர்ட்டுக்குப் போனாரு, கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு.

ஆக, முதல் பந்தயத்தோட ரிசல்ட்டையே ரூல் புத்தகம்தான் எழுதியிருக்கு. ரூலைப் பத்தின சண்டையும் இந்த விளையாட்டும் ரெட்டைப் பிள்ளைங்க. 'ரூலை மாத்தாதே'ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. யாருக்காக மாத்தறாங்கன்னு கேக்கறதுலதான் இருக்கு. என் கணக்குல மூணு வகை: டிரைவர் உயிருக்காக, பந்தயத்தோட நேர்மைக்காக, டி.வி.யில கடைசி ஒரு மணி நேரத்துக்காக. இந்த மூணுக்கும் ஒரே ஆளை உதாரணம் காட்டலாம். ரயன் நியூமன். பர்டூ பல்கலைக்கழகத்துல வாகனக் கட்டமைப்பு பத்தின எஞ்சினியரிங் படிச்சிட்டு வந்த டிரைவர். (நம்ம சாதி சனம்!)

முதல் வகை. 1987-ல டல்லடேகாவுல பில் எலியட் தகுதிச் சுற்றுல மணிக்கு 212.809 மைல் ஓட்டினாரு. நம்ம கணக்குல 342 கிலோமீட்டர். அதே வார பந்தயத்துல பாபி அல்லிசன் காரோட டயர் வெடிச்சு, கார் பறந்து போய் பார்வையாளர் பக்கத்து வேலியைப் பிச்சுடுச்சு. 1988-லேர்ந்து டேடோனாவுலயும் டல்லடேகாவுலயும் எஞ்சினுக்குப் போற காத்தைக் குறைக்க ரெஸ்ட்ரிக்டர் பிளேட் வந்தது. சின்னச் சின்ன ஓட்டை போட்ட தகடு, அவ்வளவுதான். "பந்தயத்தையே கெடுத்துட்டானுங்க"ன்னு இதை இன்னிக்கும் திட்டறவங்க உண்டு.

2000-ல ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர்னு ஒரே வருஷத்துல மூணு பேர் போனாங்க. 2001 பிப்ரவரி 18, டேடோனா 500 கடைசி சுத்துல டேல் எர்ன்ஹார்ட்டே போயிட்டாரு. ஏழு சாம்பியன்ஷிப் ஜெயிச்ச மனுஷன். கழுத்தைப் பிடிச்சு நிறுத்தற ஹான்ஸ் கருவி பிடிக்காதுன்னு போடாம இருந்தவரு. அந்த வருஷம் அக்டோபர்ல கழுத்துக் கருவி கட்டாயம் ஆச்சு. 2002-ல இண்டியானாபொலிஸ்ல ஆரம்பிச்சு, அதிர்ச்சியை உள்வாங்கற 'சேஃபர்' சுவர் ஒவ்வொரு தடமா வந்தது. எர்ன்ஹார்ட்டுக்கு அப்புறம் நாஸ்காரோட மூணு தேசியத் தொடர்லயும் பந்தயத்துல ஒரு டிரைவர்கூட சாகலை.

2020 டேடோனா 500. கடைசி சுத்து, முதல்ல போயிட்டிருந்தது நம்ம நியூமன். பின்னாடி இடிபட்டு, சுவத்துல மோதி, கார் தலைகீழா ஆகி, டிரைவர் பக்கத்துலயே இன்னொரு கார் வந்து இடிச்சுது. பெரியவர் அன்னிக்கு டி.வி.யை அணைச்சிட்டாராம். "2001 மாதிரியே இருந்துச்சு, பாக்க முடியல"ன்னார். ரெண்டே நாள்ல நியூமன் ரெண்டு பொண்ணுங்க கையைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியை விட்டு நடந்து வெளிய வந்தாரு. முதல் வகை ரூலை எவனாவது குறை சொன்னா அந்த போட்டோவைக் காட்டுங்க. வேற வாதம் தேவையில்ல.

ரெண்டாவது வகை, நேர்மை. 2024 அக்டோபர்ல இங்க சார்லட் ரோவல் பந்தயத்துக்கு நேர்ல போயிருந்தேன். பந்தயம் முடிஞ்சு கிளம்பும்போது ஜோயி லோகானோ பிளே-ஆஃப்லேர்ந்து வெளிய. வீட்டுக்கு வந்து ஃபோனைப் பாத்தா உள்ள! அலெக்ஸ் போமன் கார் எடை குறைவுன்னு தகுதி நீக்கம் பண்ணிட்டாங்க. கொடுமைதான், ஆனா எடைன்னா எடை. இது 1949 ஸ்பிரிங் கேஸோட தம்பி. 1990-ல மார்க் மார்ட்டினுக்குக் கார்ப்பரேட்டருக்குக் கீழ இருந்த ஒரு பாகத்துக்காக 46 பாயிண்ட் வெட்டினாங்க. சீசன் முடிவுல 26 பாயிண்ட்ல சாம்பியன்ஷிப்பை எர்ன்ஹார்ட்கிட்ட விட்டாரு. தண்டனை அதிகமான்னு சண்டை போடலாம். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே.

இப்ப மூணாவது வகை. என் பிரச்சினையே இதுலதான்.

1975-லேர்ந்து 2003 வரைக்கும் முழு சீசன் பாயிண்ட்டைக் கூட்டி சாம்பியன். ஜெயிச்சா 175, ரெண்டாவதுக்கு 170, கூடவே கொஞ்சம் போனஸ். பெரியவர் இதைப் பொற்காலம்பார். 2003-ல மாட் கென்செத் ஒரே ஒரு பந்தயம் ஜெயிச்சு சாம்பியன் ஆனாரு, அதுவும் ஒரு பந்தயம் மிச்சம் இருக்கும்போதே. அதே வருஷம் எட்டு பந்தயம் ஜெயிச்ச நியூமன்? ஆறாவது இடம்! 1985-லயும் பதினோரு பந்தயம் ஜெயிச்ச பில் எலியட்டை, மூணு ஜெயிச்ச டேரல் வால்ட்ரிப் முந்தினாரு. ஜெயிக்கறதுக்கு மதிப்புக் கம்மியா இருந்துச்சுங்கறது உண்மை. பெரியவர் இந்த இடம் வந்தா காபி எடுக்கப் போயிடுவார் :-)

வைத்தியம் என்ன? ஜெயிக்கறவனுக்குப் பாயிண்ட்டை ஏத்தியிருக்கலாம். அவங்க பண்ணினது வேற. 2004-ல 'சேஸ்'னு கொண்டுவந்து, 26 பந்தயத்துக்கு அப்புறம் முன்னணியில இருக்கற பத்து பேரோட கணக்கை அழிச்சு, கடைசிப் பத்து பந்தயத்துக்குப் புதுசா ஆரம்பிச்சாங்க. 2014-ல இன்னும் ஒரு படி மேல போய், பதினாறு பேர்ல சுத்துக்கு நாலு பேரைக் கழிச்சு, கடைசி பந்தயத்துக்கு நாலு பேர், நாலு பேருக்கும் சம பாயிண்ட், அன்னிக்கு யார் முன்னாடியோ அவர்தான் சாம்பியன்னு ஆக்கினாங்க. "ஜெயிக்கறதுதான் முக்கியம்"னு சொல்லிக் கொண்டுவந்த ரூல் இது. முதல் வருஷமே ஒரு பந்தயமும் ஜெயிக்காம இறுதி நாலுக்கு ஒருத்தர் வந்தாரு. யாரு? நம்ம நியூமன்! கடைசி பந்தயத்துல ரெண்டாவது. கெவின் ஹார்விக் முன்னாடி இல்லேன்னா அவர்தான் சாம்பியன். எட்டு ஜெயிச்சப்ப ஆறாவது, பூஜ்யம் ஜெயிச்சப்ப ரெண்டாவது. இதை விட ஒரு ரூலைக் கிண்டல் பண்ண முடியாது.

பையன் சொல்லுவான்: "எல்லா விளையாட்டுலயும் பிளே-ஆஃப் இருக்கே?" இருக்கு. ஐ.பி.எல். லீக்ல முதல்ல வந்த அணி ஃபைனல்ல தோக்கறதில்லையா? ஆனா ஐ.பி.எல். ஃபைனல்ல வெளியேறின எட்டு அணியும் கிரவுண்டுக்குள்ள ஃபீல்டிங் பண்ணிட்டா இருக்காங்க? இங்க நாலு பேர் சாம்பியன்ஷிப்புக்கு ஓட்டும்போது மிச்சக் காருங்களும் அதே தடத்துலதான் ஓடுது.

2025 நவம்பர், ஃபீனிக்ஸ். டென்னி ஹாம்லினுக்கு 44 வயசு, இருபது சீசனா சாம்பியன்ஷிப் இல்ல. அன்னிக்கு 208 சுத்து முதல்ல ஓட்டினாரு. இன்னும் மூணு சுத்து. இன்னொரு காரோட டயர் போய் மஞ்சக் கொடி. ஹாம்லின் நாலு டயர் மாத்தினாரு, கைல் லார்சன் ரெண்டு. ஓவர்டைம்ல லார்சன் மூணாவது, ஹாம்லின் ஆறாவது. ஒரு சுத்துகூட முதல்ல ஓட்டாத லார்சன் சாம்பியன். லார்சன் பெரிய டிரைவர், அவர் மேல தப்பே இல்ல. ஆனா 36 பந்தயம் ஓடின ஒரு வருஷத்தை ரெண்டு டயரா நாலு டயரான்னு முடிச்சு வெக்கறது எந்த ஊர் நியாயம்? பெரியவர் மறுநாள் ஒண்ணுமே பேசல. பையனும் பேசல. அன்னிக்குத்தான் எங்க மேசையில அமைதியா சாப்பிட்டோம்.

"நாடகம் இல்லேன்னா யார் பாப்பா?"ன்னு கேக்கறவங்களுக்கு 1992 அட்லாண்டா. முழு சீசன் பாயிண்ட் முறைதான். கடைசி பந்தயத்துக்கு வரும்போது ஆறு பேருக்கு வாய்ப்பு. எலியட் பந்தயத்தை ஜெயிச்சாரு. ஆலன் குல்விக்கி ரெண்டாவது வந்தும் பத்து பாயிண்ட்ல சாம்பியன். எப்படி? அதிக சுத்து முன்னிலைக்கு அஞ்சு பாயிண்ட் போனஸ். குல்விக்கி 103 சுத்து, எலியட் 102. எப்ப பிட்டுக்கு வரணும்னு கணக்குப் போட்டே ஜெயிச்ச மனுஷன், அவரும் மெக்கானிக்கல் எஞ்சினியர். அஞ்சு மாசத்துல விமான விபத்துல போயிட்டாரு. அந்தக் கடைசி நாள் பரபரப்பை யாரும் தயாரிக்கல, வருஷம் பூரா ஓட்டினதுலேர்ந்து தானா வந்தது.

இப்ப ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் ரசிகனானதே மூணாவது வகை ரூலால. 2022 அக்டோபர், மார்ட்டின்ஸ்வில், ராஸ் சாஸ்டெய்ன் கடைசி வளைவுல காரைச் சுவத்தோட ஒட்டி, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியே அஞ்சு காரைத் தாண்டினாரு. சின்ன வயசுல கேம்க்யூப் விளையாட்டுல பண்ணின வேலையாம். இறுதி நாலுக்குள்ள வர வேற வழியில்லைன்னுதான் பண்ணினாரு. வெளிய போனது அதே ஹாம்லின். நான் சோபாவுலேர்ந்து எழுந்து கத்தினேன். 2023 ஆரம்பத்துல, பாதுகாப்பு ரூல்படி இனிமே இதுக்குத் தண்டனை உண்டுன்னுட்டாங்க. மூணாவது வகை ரூல் கிளப்பின வெறியை முதல் வகை ரூலால அடக்க வேண்டியதாப் போச்சு. டி.வி. பாக்கறவனைப் பிடிக்கப் போட்ட தூண்டில்ல மாட்டின மீன் நான். ஆனா மாட்டின மீனுக்கும் தூண்டில் வலிக்கும்னு சொல்ல உரிமை இருக்குல்ல?

2026-க்கு ரூலை மறுபடி மாத்திட்டாங்க. கழிச்சுக் கட்டறது இல்ல, ஒருநாள் ஃபைனல் இல்ல. பதினாறு பேர், பத்து பந்தயம், ஜெயிச்சா 55 பாயிண்ட். பழைய 'சேஸ்'தான், கொஞ்சம் துடைச்சு வெச்சிருக்காங்க. மார்க் மார்ட்டின் கேட்ட முழு சீசன் கணக்கு வரல. என்னைக் கேட்டா இது பாதி நியாயம், மீதியையும் குடுத்திருக்கலாம். ஆனா பத்து வாரம் ஓட்டி ஜெயிக்கறவன் சாம்பியன்னு சொன்னா ஒத்துக்க முடியும். ஒரு சாயங்காலத்துல மூணு சுத்து ஓட்டி ஜெயிக்கறவனை ஒத்துக்க மனசு வரல.

பெரியவர் இந்த வருஷம் மறுபடி டிக்கெட் எடுக்கலாமான்னு யோசிக்கறாராம். பையன் "போர் அடிக்கப் போகுது"ங்கறான். நவம்பர்ல யார் சொன்னது சரின்னு பாப்போம். புளியோதரை என் செலவு.

டிஸ்கி: இடது பக்கம் மட்டும் திரும்பறதில்ல, 2025 வரைக்கும் ரோவல்ல வலது பக்கமும் திரும்பினாங்க. நண்பனுக்காக :-)