இளைத்த உடம்பு மீண்டும் பெருப்பது ஏன்?

ஆபரேஷன் செய்த பிறகும் எடை ஏறுகிறதா? வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம்!

டியாகோ மரடோனாவைத் தெரியாதவர் உண்டா? 1986-ம் ஆண்டில் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பையை வாங்கித் தந்த கால்பந்து வீரர் அவர்.

பந்தாட்டத்தை விட்ட பிறகு அவர் உடம்பு பெருத்துக்கொண்டே போனது. 2005-ம் ஆண்டில் கொலம்பியா நாட்டில் உள்ள கார்ட்டகேனா நகரில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன். சில மாதங்களில் அவர் ஆளே மாறிவிட்டார். இளைத்த உடம்போடு டெலிவிஷனில் நிகழ்ச்சி நடத்தினார். ரசிகர்கள் வியந்தார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. வருடங்கள் செல்லச் செல்ல, இளைத்த உடம்பு மறுபடியும் பெருத்தது. 2015-ம் ஆண்டில் வெனிசுலா நாட்டில் அவருக்கு இரண்டாம் முறையாக ஆபரேஷன் செய்ய நேர்ந்தது.

அவருக்குப் பணத்துக்குக் குறைவில்லை. டாக்டர்களுக்கும் குறைவில்லை. அப்படி இருந்தும் இறங்கிய எடை ஏன் ஏறியது?

இந்தக் கேள்வியை இன்று நம் ஊரிலும் பல குடும்பங்கள் கேட்கின்றன. கடன் வாங்கியோ, நகையை விற்றோ ஆபரேஷன் செய்துகொண்ட பெண்மணி, நாலைந்து வருடம் கழித்துப் பழைய ரவிக்கை இறுகுவதைக் கண்டு திகைக்கிறார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மனதுக்குள் புழுங்குகிறார்.

பெருகி வரும் பருமன்

தமிழ்நாட்டில் பருமன் வேகமாகப் பெருகி வருகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இதைக் காட்டுகிறது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில், 2015-16-ம் ஆண்டில் 100-க்கு 31 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். 2019-21-ல் அது 40 பேராக உயர்ந்துவிட்டது. ஆண்களில் 28 பேராக இருந்தது 37 பேராகிவிட்டது.

இவர்கள் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவை இல்லை. உடம்பு மிக அதிகமாகப் பெருத்தவர்களுக்கும், பருமனால் சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் போன்ற தொல்லைகள் உள்ளவர்களுக்குமே டாக்டர்கள் அதைச் சொல்கிறார்கள். சென்னை, கோவை போன்ற நகரங்களில் இந்த ஆபரேஷன் இப்போது சாதாரணமாக நடக்கிறது.

வயிற்றில் என்ன செய்கிறார்கள்?

முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு.

ஒன்று, இரைப்பையில் சுமார் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவது. மிச்சம் இருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய்தான். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். பசியைக் கிளப்பும் ஒரு ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கப்படும் அந்தப் பகுதியில்தான் ஊறுகிறது. ஆகவே பசியும் குறையும்.

இன்னொன்று, இரைப்பையின் மேல் பக்கத்தில் முட்டை அளவுக்கு ஒரு சிறு பை செய்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது. உணவு குறுக்கு வழியில் போய்விடும். அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-ம் ஆண்டில் தொடங்கி வைத்த முறை இது. அதன்பின் பல மாறுதல்கள் செய்திருக்கிறார்கள்.

எந்த முறையானாலும் முதல் ஒன்றிரண்டு வருடங்கள் பொற்காலம். எடை மளமளவென்று இறங்கும். அதன் பிறகுதான் சோதனை ஆரம்பம்.

ஸ்வீடன் காட்டும் கணக்கு

ஸ்வீடன் நாட்டில் 1987-ம் ஆண்டில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. ஆபரேஷன் செய்துகொண்ட பருமனான 2,010 பேரையும், செய்துகொள்ளாத பருமனான 2,037 பேரையும் பல வருடங்கள் கவனித்து வந்தார்கள்.

குறுக்கு வழி ஆபரேஷன் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் தங்கள் எடையில் 100-க்கு 32 பங்கை இழந்தார்கள். பத்தாம் வருடத்தில் பார்த்தால் அது 25 பங்காகக் குறைந்திருந்தது.

அதாவது, 120 கிலோ இருந்தவர் 82 கிலோவுக்கு இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வருடத்தில் அவர் 90 கிலோ இருப்பார். 8 கிலோ ஏறிவிட்டது. ஆனால் பழைய 120-ஐ நினைத்துப் பாருங்கள். இன்னும் 30 கிலோ லாபம்தான்!

மேலும் ஒரு கணக்கு. சுமார் 11 வருடங்களில், ஆபரேஷன் செய்யாதவர்களில் 129 பேர் இறந்தார்கள். செய்தவர்களில் 101 பேர். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோருக்குச் செய்தது, இப்போது கைவிடப்பட்டுவிட்ட பழைய முறைகளே.

ஆகவே, எடை கொஞ்சம் ஏறுவது இயல்பு. அதற்காக ஆபரேஷனே வீண் என்று கைவிரிப்பது தவறு.

உடம்பின் பிடிவாதம்

எடை ஏன் திரும்புகிறது? உடம்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சேர்த்து வைத்த கொழுப்பை அது எளிதில் விட்டுக்கொடுக்காது. இளைத்துவிட்டால், “பஞ்சம் வந்துவிட்டது” என்று எண்ணிக்கொள்கிறது. பசியைக் கூட்டுகிறது. செலவைக் குறைக்கிறது.

அமெரிக்காவில் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றை டெலிவிஷனில் நடத்தினார்கள். கலந்துகொண்டவர்கள் ஆபரேஷன் இல்லாமல், பட்டினியாலும் கசரத்தாலும் இளைத்தவர்கள். அவர்களில் 14 பேரை ஆறு வருடம் கழித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2016-ம் ஆண்டில் வெளியாயிற்று. சராசரியாக 58 கிலோ இளைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பி வந்திருந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்க வேண்டிய அளவைவிட, நாள் ஒன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே அவர்கள் உடம்பு எரித்தது.

ஆபரேஷன் இந்தப் பிடிவாதத்தைப் பெரிதும் அடக்குகிறது. அடியோடு ஒழிப்பதில்லை. வருடங்கள் ஓடினால் சுருங்கிய இரைப்பை சற்று விரிவதும் உண்டு. அடங்கிய பசி தலைதூக்குவதும் உண்டு.

வாய் மட்டும்தான் காரணமா?

“இத்தனை லட்சம் செலவு செய்தும் வாயைக் கட்ட முடியவில்லையே!” என்று அக்கம்பக்கத்தார் பேசுவார்கள்.

வாய்க்கும் பங்கு உண்டு என்பது உண்மை. தட்டு நிறையச் சாப்பிட முடியாதவர், நாள் முழுவதும் முறுக்கும் மிக்சரும் பிஸ்கட்டுமாகக் கொறித்தால் எடை ஏறும். இனிப்புப் பானம், ஐஸ்கிரீம் போன்றவை சிறிய இரைப்பையிலும் சுலபமாக வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். மது இன்னும் மோசம். குறுக்கு வழி ஆபரேஷன் செய்தவர்களுக்கு அது வெகு சீக்கிரம் தலைக்கேறும். பழக்கமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம்.

ஆனால் வேறு காரணங்களும் இருக்கின்றன. தைராய்டு கோளாறு இருக்கலாம். மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், ஸ்டீராய்டு, இன்சுலின் ஆகியவற்றால் எடை கூடலாம். தூக்கக் குறைவு, பிரசவம், மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகியவையும் காரணம் ஆகலாம்.

மனக்கவலையும் உண்டு. அமெரிக்க டெலிவிஷனில் வானிலை சொல்லிப் புகழ் பெற்ற ஆல் ரோக்கர் 2002-ம் ஆண்டில் ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக இளைத்தார். சில வருடங்களில் அவருடைய தாயார் நோயில் விழுந்தார். அந்தக் கவலையில் சுமார் 18 கிலோ ஏறிவிட்டதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். மறைக்காமல் சொன்னவர், மறுபடியும் முயன்று எடையைக் குறைத்தார்.

வெட்கத்தால் வரும் கேடு

எடை ஏறுவதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. அது வெட்கம். “டாக்டர் திட்டுவாரே” என்று பயந்து பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. அந்தச் சமயத்தில் உள்ளுக்குள் என்ன நடக்கிறது?

ஸ்வீடன் ஆராய்ச்சியில், சர்க்கரை வியாதியோடு ஆபரேஷனுக்கு வந்தவர்களில் 100-க்கு 72 பேருக்கு இரண்டு வருடத்தில் அந்த வியாதி அடங்கியிருந்தது. பத்தாம் வருடத்தில் 36 பேருக்கே அடங்கியிருந்தது. சர்க்கரை சத்தம் போடாமல் திரும்பி வரும். “எனக்குத்தான் குணமாகிவிட்டதே” என்று பரிசோதனையை நிறுத்தியவர்களின் கண்ணையும் சிறுநீரகத்தையும் அது பதம் பார்க்கும்.

இன்னும் ஒன்று. இந்த ஆபரேஷன் செய்தவர்கள் இரும்புச் சத்து, பி12, டி வைட்டமின், கால்சியம் ஆகியவற்றை டாக்டர் சொன்னபடி ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் ரத்த சோகை வரும். எலும்பு பலம் குறையும். கை கால் மரத்துப்போகும். உடம்பு பெருத்திருந்தாலும் உள்ளே சத்து வறண்டிருக்கலாம்!

என்ன செய்யலாம்?

முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்வார். சாப்பிடும் மாத்திரைகளை விசாரிப்பார். தேவையானால் வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பார்.

பட்டினி கிடப்பது கூடாது. பட்டினியால் தசைதான் கரையும். தசை கரைந்தால் எடை இன்னும் சுலபமாக ஏறும். நாள் ஒன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதச் சத்து தேவை என்கிறார்கள் நிபுணர்கள். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். ஆகவே, தட்டில் முதலில் முட்டை, மீன், கோழி. சைவமானால் சுண்டல், பருப்பு, தயிர், பன்னீர். பிறகு காய்கறி. கடைசியில்தான் சோறு. நிதானமாக மென்று சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

நடந்தால் மட்டும் போதாது. உட்கார்ந்து எழுவது, எடை தூக்குவது போன்ற பயிற்சியும் தசையைக் காப்பாற்றும்.

இரண்டாவது ஆபரேஷன் கடைசி வழியே. முதல் ஆபரேஷனைவிட அதில் ஆபத்து அதிகம்.

புதிய ஊசிகள்

இப்போது பசியை அடக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. வாரம் ஒரு முறை போடும் மவுன்ஜாரோ 2025-ம் ஆண்டு மார்ச் மாதத்திலும், வெகோவி ஜூன் மாதத்திலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன.

ஆபரேஷனுக்குப் பிறகு போதிய அளவு இளைக்காத 70 பேரை வைத்து லண்டனில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதே வகையைச் சேர்ந்த, தினமும் போடும் ஓர் ஊசியைச் சிலருக்கும், வெறும் போலி ஊசியைச் சிலருக்கும் கொடுத்தார்கள். 2023-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றவர்கள் 24 வாரத்தில் எடையில் 100-க்குச் சுமார் 9 பங்கு குறைந்தார்கள். மற்றவர்கள் ஒரு பங்குகூடக் குறையவில்லை.

நல்ல செய்திதான். ஆனால் ஊசியும் மந்திரம் அல்ல. வெகோவி மருந்தை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பிவிட்டதை 2022-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. குமட்டலும் வாந்தியும் வரலாம். டாக்டரைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது.

ஆபரேஷனுக்குக் காசு உண்டு, பிறகு?

2019-ம் ஆண்டில் இந்திய இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதி செய்தது. அதன்படி, எடை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ளவர்களுக்கு டாக்டர் சிபாரிசின் பேரில் நடக்கும் இந்த ஆபரேஷனை, பருமனுக்குச் செய்வது என்ற காரணத்தைச் சொல்லித் தள்ள முடியாது. 160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவரானால் அந்த அளவு சுமார் 102 கிலோ. பருமனால் கடுமையான வியாதியும் இருந்தால் சுமார் 90 கிலோ.

வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. பிறகு வருடா வருடம் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனை, வைட்டமின், உணவு நிபுணரின் ஆலோசனை எல்லாம் கைக்காசுதான். கையில் காசு குறைந்ததும் முதலில் நிற்பது இவைதான். வீடு கட்டக் கடன் கொடுத்து, கூரை ஒழுகினால் உன் பாடு என்று சொல்வது போல இருக்கிறது இது!

ஆபரேஷனுக்கு முன்பே குடும்பம் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் செலவைக் கேட்பதோடு நிற்காமல், “அடுத்த பத்து வருடத்துக்கு என்ன செலவு? யார் கவனிப்பார்கள்?” என்றும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வீட்டார் கையில்

சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை ஏறினால் யாரும் கேலி செய்வதில்லை. டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். பருமனும் அப்படி ஒரு நீடித்த வியாதிதான். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013-ம் ஆண்டிலேயே அதை வியாதி என்று ஒப்புக்கொண்டது.

வீட்டில் ஒருவர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவரானால், மாதம் ஒரு முறை எடையைப் பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். 5 கிலோ ஏறியதுமே டாக்டரிடம் போனால் சிகிச்சை சுலபம். 25 கிலோ ஏறும் வரை ஒளிந்திருந்தால் கடினம்.

“என்ன, மறுபடியும் குண்டாகிவிட்டாயே!” என்று சொல்லாதீர்கள். “வா, டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம்” என்று சொல்லுங்கள். நீங்களும் கூடவே போங்கள்.