பின்னால் வந்தவன்தான் தப்பா?

நடுரோட்டில் ஒரு கார் இன்னொரு காரின் பின்பக்கத்தில் இடித்துவிட்டால் மூன்றே நிமிஷத்தில் கோர்ட் கூடிவிடும். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், பஸ் ஸ்டாப்பிலிருந்து இருவர், பைக்கை அப்படியே குறுக்கே நிறுத்திவிட்டு வரும் ஹெல்மெட் ஆசாமி ஒருவர். இவர்கள்தான் நீதிபதிகள். இடித்ததை ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். அதனாலேயே தீர்ப்பில் குழப்பம் இருக்காது.

"பின்னாடி வந்து இடிச்சது யாரு? நீங்கதானே? அப்ப உங்க மேலதான் தப்பு. மேல பேசாதீங்க!"

"அவர் சடன் பிரேக் போட்டாருங்க..."

"போடுவாரு சார். ரோடுன்னா நாய் வரும், மாடு வரும். நீங்கதான் பார்த்து வரணும்."

இந்தத் தெருக் கோர்ட் தீர்ப்பு முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் சிலருக்குக் காசு போகிறது, சிலருக்கு அதைவிடப் பெரியதும் போய்விடுகிறது.

முதலில் அந்த முக்கால்வாசி. 1989-ல் வந்த சாலை விதிகளில் 23-வது விதி இதுதான்: முன்னால் போகிற வண்டி திடீரென்று வேகம் குறைந்தாலோ நின்றாலோ மோதாமல் தப்பிக்கிற அளவுக்குப் பின்னால் வருபவர் இடைவெளி விட்டு வரவேண்டும். 'திடீரென்று' என்ற வார்த்தை விதிக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். "சடன் பிரேக் போட்டுட்டான் சார்" என்று நாம் அழுவோம் என்பது எழுதியவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது! 2017-ல் அந்த விதிகள் போய்ப் புதியவை வந்தன. இந்தக் கடமை மட்டும் போகவில்லை.

சரி, எவ்வளவு இடைவெளி? அடிக்கணக்கு எதுவும் சட்டத்தில் கிடையாது. 2018-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் இதைப் பேசியது. லாரிக்கு 10, 15 அடி பின்னால் வந்த கார், லாரியிலேயே மோதிவிட்டது. அந்த இடைவெளி எந்த மூலைக்கு என்று கேட்டு, லாரி டிரைவர் மேல் தப்பில்லை என்றார்கள். ரோடும் வெளிச்சமும் நன்றாக இருக்கும்போதே இரண்டு மூன்று வினாடி இடைவெளி வேண்டும் என்பது கணக்கு. முன்வண்டி ஒரு லைட் கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பியுங்கள். இரண்டு வினாடிக்கு முன்பே அந்தக் கம்பம் உங்களுக்கு வந்துவிட்டால் நீங்கள் ஒட்டிப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. 15 அடி என்பது நாலரை மீட்டர். அரை வினாடிகூட இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கால் போய்ச் சேர்வதற்குள் முன்னால் போகிறவரின் டிக்கியில் குடியேறிவிடலாம்.

"எல்லாம் சரி சார், 22 மீட்டர் இடைவெளி விட்டா மெட்ராஸ்ல எவனாவது வந்து பட்டா வாங்கிடுவானே!" என்றார் ஒரு நண்பர். நியாயமான புலம்பல்தான். ஒரு ஷேர் ஆட்டோ, இரண்டு ஸ்கூட்டர், பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி எல்லாம் புகுந்துவிடும். நான் பி.காம். கணக்குப் போடாமல் இருக்கமுடியாது. தாம்பரத்திலிருந்து கிண்டி வருவதற்குள் 30 வண்டிகள் உங்கள் முன்னால் புகுவதாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் மறுபடி இரண்டு வினாடி விட்டுக்கொடுக்கிறீர்கள். மொத்த நஷ்டம் 60 வினாடி. ஆபீஸ் லிஃப்டுக்கு இதைவிட அதிக நேரம் நிற்கிறோம்.

* * *

சில கேஸ்களில் 'பின்னால் வந்தவன்' யார் என்பதே தகராறு. மேம்பால ஏற்றத்தில் சிக்னலுக்காக நிற்கிற முன்வண்டிக்காரர் கிளச்சில் சொதப்பிப் பின்னால் உருண்டு வந்து உங்கள் மேல் சாய்வார். சாய்ந்துவிட்டு இறங்கி வந்து, "கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று உங்களைக் கேட்பார். பம்பர்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் நசுங்கியிருக்கும். டேஷ்போர்டில் ஒரு கேமரா இருந்தால் அன்றைக்கு அதுதான் குலதெய்வம்.

மூன்று வண்டி சேர்ந்து மோதினால் நடுவண்டிக்காரர் பாடு திண்டாட்டம். "நான் நின்னுட்டேன் சார், அவன்தான் தள்ளிவிட்டான்" என்பார். அவர் சொல்வது நிஜமா என்று முதல் வண்டிக்காரரைத்தான் கேட்கவேண்டும்: எத்தனை தடவை 'டமால்' கேட்டது? ஒரே டமால் என்றால் கடைசி வண்டி வந்து நடுவண்டியைத் தள்ளியிருக்கிறது. இரண்டு டமால் என்றால் நடுவர் முதலில் தானே இடித்துவிட்டு, பிறகு வாங்கியும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

* * *

தப்பு யார் மேல் என்று தீர்மானமானாலும் காசு அந்தப் பக்கம் போகும் என்று நினைக்காதீர்கள். வண்டிக்கான சேதத்தை இடித்தவரின் தேர்ட் பார்ட்டி பாலிசியிலிருந்து வாங்க, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். ஒரு பம்பருக்காக யார் வக்கீல் வைப்பார்கள்? அவரவர் பாலிசியில் அவரவர் வண்டியைச் சரிசெய்துகொள்வதுதான் வழக்கம். அங்கேதான் வருகிறது வினை. க்ளெய்ம் கேட்டால் நோ க்ளெய்ம் போனஸ் போச்சு. சிக்னலில் சிவனே என்று நின்றவருக்கும் போச்சு!

இந்த போனஸ் ஒவ்வொரு வருஷமும் 20, 25, 35, 45, 50 சதவிகிதம் என்று படிப்படியாக ஏறுகிறது. உங்கள் வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய், போனஸ் 50 சதவிகிதம் என்று வையுங்கள். கட்டுவது 5,000. ஒரு க்ளெய்ம் எடுத்தால் அடுத்த வருஷம் முழு 10,000. அதற்கடுத்து 8,000, 7,500, 6,500, 5,500. அப்புறம்தான் பழைய 5,000. கூடுதலாகக் கட்டியதைக் கூட்டினால் 12,500. ஆக, டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் சேர்த்து அதற்குக் கீழே முடிகிற வேலை என்றால் க்ளெய்ம் எடுப்பது நஷ்ட வியாபாரம். "ரெண்டாயிரம் குடுத்துட்டுப் போங்க சார்" என்கிற ரோட்டோர சமரசம் இந்த வகையில் ஒன்றும் முட்டாள்தனமில்லை.

* * *

இப்போது மீதிக் கால்வாசி. 23-ஐ அடுத்து 24-வது விதி ஒன்று இருந்தது. பாதுகாப்புக்கு அவசியம் இல்லாமல் எந்த டிரைவரும் திடீர் பிரேக் போடக்கூடாது என்றது அது. 23 எல்லாருக்கும் மனப்பாடம். 24-ஐத் தெருக் கோர்ட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

கோவையில் 2017 ஜனவரியில் ஒரு இன்ஜினீயரிங் மாணவர் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையில் முன்னால் போன கார் சட்டென்று நின்றது. பைக் அதன் பின்பக்கம் மோதியது. கீழே விழுந்தவர் மேல் பின்னால் வந்த பஸ் ஏறியது. ஒரு காலை எடுக்கவேண்டியதாகிவிட்டது.

கார்க்காரர் சொன்ன காரணம்: மனைவி கர்ப்பிணி, குமட்டல் வந்தது, நிறுத்தினேன். மனிதாபிமானத்தோடு பார்த்தால் தலையாட்டத் தோன்றும். தீர்ப்பாயமும் காரை விட்டுவிட்டது. பழியில் 80 பங்கு பஸ்ஸுக்கு, 20 பங்கு பையனுக்கு. ஹைகோர்ட் காருக்கு 40, பஸ்ஸுக்கு 30, பையனுக்கு 30 என்று மாற்றியது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் கார்க்காரருக்குத்தான் அதிகம், 50 என்றது. வேகமாக வண்டிகள் வரும் நெடுஞ்சாலையில் நிறுத்துகிறவர், சொந்த அவசரமே ஆனாலும், பின்னால் வருபவருக்கு சிக்னல் தரவேண்டும். பஸ்ஸுக்கு 30. இடைவெளி விடாததற்கும் லைசென்ஸ் இல்லாததற்கும் பையனுக்கு 20. அந்த 20-ஐக் கழித்து சுமார் 91 லட்சம் ரூபாய் கிடைத்தது. எட்டரை வருஷம் கழித்து.

இன்னொன்று, 2024-ல். இரவில் நெடுஞ்சாலை நடுவே விளக்கோ எச்சரிக்கையோ இல்லாமல் விட்டுப்போன டிரெய்லர் லாரியின் பின்னால் ஒரு கார் மோதியது. கீழே கார் டிரைவர் மேலும் பங்கு போட்டிருந்தார்கள். சுப்ரீம் கோர்ட் முழுப் பழியையும் லாரிப் பக்கமே வைத்தது.

முன்னால் போகிறவரின் வாய் பிரேக் லைட்தான். அது எரிகிறதா என்று ஸ்டியரிங் பிடித்தவருக்குத் தெரிய வழியில்லை. பின்னால் வருபவருக்குத் தெரியும், ஆனால் அவர் சொல்லமாட்டார். இடிப்பார். இன்றைக்கு ராத்திரி வண்டியின் பின்பக்கத்தைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, பிரேக்கை மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இரண்டு சிவப்பு விழவேண்டும். ஒன்றுதான் விழுகிறதென்றால் காலையில் முதல் வேலையாக மெக்கானிக் கடை. பல்பு மாற்ற ஐந்து நிமிஷம் ஆகும்.