சிறை நிலத்தில் ஒரு பூங்கா: உழைப்பாளி உள்ளே வரட்டும்!

கோவை காந்திபுரத்தில் 2025 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. மத்திய சிறைச்சாலைக்குச் சொந்தமான நிலத்தில் 45 ஏக்கர் பரப்பில் அது அமைந்திருக்கிறது. நகரத்தின் நடுவே இவ்வளவு பெரிய நிலம் கட்டிட வியாபாரிகளின் கைக்குப் போகாமல் பொதுமக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது நல்ல காரியம். அதை வரவேற்கிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. சிங்காநல்லூரில் இரவு ஷிப்டு முடித்து வரும் பஞ்சாலைத் தொழிலாளி அங்கே போவாரா? சூலூர்ப் பக்கம் களையெடுக்கும் விவசாயத் தொழிலாளி தன் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவாரா? "அதெல்லாம் காரில் வருகிறவர்களுக்கு" என்று ஒதுங்கி நிற்கும் மனப்பான்மை நம்மிடையே இருக்கிறது. இதை மாற்ற வேண்டும்.

அந்த மண் யாருடைய மண்? அந்தச் சிறையில்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளையை வெள்ளைக்கார சர்க்கார் செக்கிழுக்க வைத்தது. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்குத் தலைமை தாங்கி வேலைநிறுத்தம் நடத்தியவர் அவர். கூலி உயர்வோடு சேர்த்து அந்தத் தொழிலாளர்கள் கேட்டது என்ன? வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. இன்று நாம் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லும் ஓய்வு நாள் யாரும் தானமாகக் கொடுத்ததன்று. போராடிப் பெற்றது. அதற்காகச் சிறை சென்றவர்கள் உண்டு.

அதே சிறையில்தான் 1946 ஜனவரி 8-ந் தேதி சின்னியம்பாளையம் தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். நால்வரும் மில் தொழிலாளர்கள், செங்கொடியின் பிள்ளைகள். அந்த நிலத்தில் இன்று ரோஜா பூக்கிறது என்றால், அதன் நிழலில் உட்கார முதல் உரிமை உள்ளவன் மில் தொழிலாளி.

"வயிற்றுக்கே இல்லாதபோது பூங்கா ஒரு கேடா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கென்று நேரம் என்பதுதான் மே தினத்தின் முழக்கம். பஞ்சுத் தூசியை நாளெல்லாம் சுவாசிக்கிற நெஞ்சுக்கு மரத்தடிக் காற்று ஆடம்பரமா? ஒண்டிக் குடித்தனத்தில் ஓடி விளையாட இடமில்லாத குழந்தைக்குப் புல்தரை ஆடம்பரமா? பணக்காரன் வீட்டுக்குத் தனித் தோட்டம் இருக்கிறது. ஏழைக்குப் பொதுப் பூங்காதான் தோட்டம்.

ஆகவே நமது கோரிக்கைகளில் பூங்காவுக்கும் இடம் வேண்டும். நுழைவுக் கட்டணம் சிறு தொகைதானே என்பார்கள். ஐந்து பேர் உள்ள குடும்பம் பஸ் சார்ஜும் கொடுத்து, கட்டணமும் கொடுத்தால் ஒரு வேளைச் சோறு குறையும். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணமில்லாமல் கதவு திறக்கட்டும். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பல நூற்பாலைகளில் இளம் பெண்களை மில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குகிறார்கள். விடுமுறை நாளிலும் அவர்கள் நினைத்தபடி வெளியே போக முடிவதில்லை. மில் கேட்டைத் தாண்ட முடியாத பெண்ணுக்குப் பூங்காவின் கேட் திறந்து என்ன பயன்? இரண்டும் திறக்க வேண்டும்.

பூங்காவைக் காப்பாற்றுகிற கைகளையும் மறக்கக்கூடாது. செடி தானாக வளர்வதில்லை. தண்ணீர் பாய்ச்சி, களை பிடுங்கி, குப்பை அள்ளுகிற தொழிலாளியைக் காண்ட்ராக்டில் வைத்துக் கசக்கிவிட்டு, பூவின் அழகை மட்டும் விளம்பரம் செய்வது நியாயமாகாது. அவர்களுக்கு நிரந்தர வேலையும் முறையான சம்பளமும் வேண்டும்.

இனி, கிராமத்துத் தோழர்களின் பங்கு. பட்டணத்துக்குப் பூங்கா எப்படியோ, கிராமத்துக்குக் குளமும் கண்மாயும் அப்படி. கரையில் பனை, உள்ளே மீன், பக்கத்தில் மேய்ச்சல், கீழே பாசனம். நொய்யலின் தண்ணீரை வாங்கி நிற்கும் கோவைக் குளங்களில் ஒன்றான சிங்காநல்லூர்க் குளம் மில்கள் சூழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. 2017-ல் மாநகராட்சி அதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம் என்று அறிவித்தது. அங்கே பறவைகளைக் கணக்கெடுக்கவும், மரம் நடவும், குப்பை அகற்றவும் தொண்டர்கள் உழைத்திருக்கிறார்கள். அந்தத் தொண்டில் தொழிலாளியும் சேர வேண்டும்.

எப்படிச் சேர்வது என்பதில்தான் தெளிவு வேண்டும். குடிமராமத்து என்ற பேரில் ஊர்க்குளத்தை ஊரே பராமரித்தது என்று பெருமை பேசுவார்கள். மண் சுமந்தது யார் தலை? பண்ணையாளின் தலை. 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று வந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் உழைப்பாளிகளை வலுக்கட்டாயமாக வேலைக்கு இழுக்க அது அதிகாரம் கொடுத்தது. கரையில் உயிரைக் கொடுத்தவனுக்கு அந்தத் தண்ணீர் பாயும் நிலத்தில் ஒரு குழியும் சொந்தமில்லை. அது வெட்டி வேலை. அதைத் தொண்டு என்று நாம் ஒருக்காலும் ஒப்புக்கொள்ளோம்.

மனமுவந்து செய்யும் உழைப்பு வேறு. 1919 ஏப்ரலில் மாஸ்கோவில் ரயில்வேத் தொழிலாளர்கள் சிலர் சனிக்கிழமை இரவு வீட்டுக்குப் போகாமல், கூலி வாங்காமல், எஞ்சின்களைப் பழுதுபார்த்தார்கள். மே 10-ந் தேதி அது நூற்றுக்கணக்கானோர் சேர்ந்த இயக்கமாயிற்று. லெனின் அதை 'மாபெரும் தொடக்கம்' என்று போற்றி ஒரு பிரசுரம் எழுதினார். முதலாளிக்காக அல்லாமல் தங்களுக்காக உழைக்கிறோம் என்ற உணர்வுதான் அங்கே புதியது.

அந்த உணர்வோடு நாமும் செய்யலாம். ஆனால் மூன்று விஷயங்களில் உறுதி வேண்டும். முதலாவது, நமது தொண்டு இன்னொரு தொழிலாளியின் கூலியை வெட்டக்கூடாது. சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலைக்கு "தொண்டர்கள் இருக்கிறார்களே" என்று அதிகாரிகள் சொன்னால் மறுத்துவிட வேண்டும். இரண்டாவது, எந்தச் சாதிக்காரர் சேற்றில் இறங்குவது, எந்தச் சாதிக்காரர் கரையில் நின்று மேற்பார்வை பார்ப்பது என்ற பேதம் கூடாது. இறங்கினால் எல்லோரும் இறங்க வேண்டும்.

மூன்றாவது, குப்பை பொறுக்குவதோடு நிற்கக்கூடாது. குப்பை எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் நஞ்சாகத் தேங்கியது. கீழே இருந்த கிணறுகளும் வயல்களும் பாழாயின. விவசாயிகள் விடாமல் வழக்காடிய பிறகே, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. லாபத்தை முதலாளிகள் எடுத்துக்கொண்டார்கள். வேலை போனது தொழிலாளிக்கு, நிலம் போனது விவசாயிக்கு. கழிவை அப்போதே சுத்திகரித்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒரே ஆற்றின் இரு கரையில் நிற்பவர்கள். ஆற்றைக் காப்பதில் அவர்களுடைய நலன் ஒன்றுதான்.

ஆகவே சங்கக் கிளைகளுக்கு நமது வேண்டுகோள் இது: ஒரு ஞாயிறு குடும்பத்தோடு பூங்காவுக்குச் செல்லுங்கள். அந்த நால்வரின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு ஊர்க்குளத்துக்குச் செல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வரத்து வாய்க்காலில் எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு, எந்தக் குழாயில் கழிவு என்று நடந்து பார்த்து எழுதிக் கொடுங்கள். கரையில் பனங்கொட்டை ஊன்றுங்கள்.

பூங்காவும் குளமும் நம்முடைய சொத்து. சொந்தக்காரனாக உள்ளே செல்வோம்! சொந்தக்காரனாகக் காவல் நிற்போம்!